இடது போர்வை, வலது போர்வை

உலகத்தில் இடது வலது இல்லாத பொருள் ஒன்றுகூட இல்லை என்று நிரூபிப்பதற்காகவே பிறந்தவர் எங்கள் ஜோடி அண்ணன். செருப்புக்கு இடது வலது உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். தலையணைக்கு? கைக்குட்டைக்கு? மிக்ஸியை மூடி வைக்கும் உறைக்கு? உண்டு என்றார் அவர். சொன்னதோடு நிற்காமல் தைத்தும் காட்டினார்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அருகே இருந்தது நான் குடியிருந்த தெரு. அங்கே அவருடைய இயற்பெயர் தபால்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். மனைவிகூட "இன்னாங்க" என்றுதான் கூப்பிடுவார். ஊரில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் கடைசிப் பிரிவில் அவருக்கு வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டில் வந்து விழும் ஷூக்களில் இடது ஒன்று, வலது ஒன்று எடுத்து அருகருகே வைப்பார். நிறம், உயரம், தோலின் சுருக்கம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஜோடி சேர்ப்பார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அவ்வளவு கூர்ந்து பார்க்க மாட்டார்கள். ஜோடி சேராத ஷூவுக்கு அங்கே 'ஒத்தை' என்று பெயர். அந்தச் சொல்லை அண்ணன் சொல்லும்போது, டாக்டர் ஒருவர் நோயாளியின் உறவினரைத் தனியாக அழைத்துப் பேசுவது போல இருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த ஒரு மந்தமான காலத்தில் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. மூத்த ஆட்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தெருவில் சிலர் சனிக்கிழமை என்று சாதிப்பார்கள். தவறு. சனிக்கிழமை காலையில் அவர் வாசலில் ஸ்கேலோடு நின்று, இரட்டைக் கதவின் இரண்டு பலகையையும் ஒரே அளவுக்குத் திறந்து வைக்கப் போராடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வேலையில் இருக்கிற மனிதன் அப்படிச் செய்ய மாட்டான்.

அவருடைய மனைவியைத் தெருவே அண்ணி என்றுதான் அழைக்கும். வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறவர். கணவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் ரசம் டம்ளரையும் மோர் டம்ளரையும் ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார் என்று பயந்து, தன்னுடைய பழைய தையல் மெஷினை அவர் முன்னால் தள்ளி வைத்தார். எதையாவது தைத்துக்கொண்டிருக்கட்டும் என்பது எண்ணம். பின்னாளில் அண்ணி வாழ்க்கையில் எடுத்த தவறான முடிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கல்யாணத்துக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்.

முதலில் வந்தது மிதியடி. பழைய லுங்கிகளை அடுக்கித் தைத்தது. வாசலில் இரண்டு மிதியடி. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. கூரியர் கொண்டு வந்த பையன் அவசரத்தில் கால் மாற்றி மிதித்துவிட்டான். அண்ணன் அவனைத் தெருமுனையிலிருந்து திரும்ப அழைத்து, மறுபடி ஏறச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து தலையணை உறைகள். மூன்றாவது வீட்டில் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குப் பரிசாகப் போயின. ஒரு வாரத்தில் மாப்பிள்ளைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. வைத்தியர் சுளுக்கு என்றார். அண்ணன் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"ரைட் தலகாணில லெஃப்ட் ஆள் படுத்தா வலிக்காம இன்னா பண்ணும்?"

தலையணையை மாற்றி வைத்தார்கள். கழுத்து சரியாகிவிட்டது. சுளுக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகும் என்று வைத்தியர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முதல் அண்ணனுக்குத் தெருவில் ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது.

மிக்ஸிக்கு உறை கேட்ட ஒரு வீட்டுக்கு இரண்டு உறை போயிற்று. ஒன்று போதும் என்று அந்த அம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒத்தையாகக் கொடுக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. இரண்டாவது உறை அலமாரியில் சும்மா கிடந்து தினமும் முகத்தில் விழித்ததில், அவர்கள் அந்த தீபாவளிக்கு இன்னொரு மிக்ஸி வாங்கினார்கள்.

கம்பளி பின்னுவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆம்பூரில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர் எப்போதாவது வரும். அது வந்திருக்கிறது என்று தெரிவதற்குள் போய்விடும். அதனால் என்ன? ஸ்வெட்டரில் கை இரண்டும் இயற்கையிலேயே ஜோடியாக அமைந்திருப்பதைக் கண்டு அண்ணன் பரவசப்பட்டார். இரண்டு கைகளையும் மிக அழகாகப் பின்னி முடித்தார். அதற்குப் பிறகு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"கழுத்து வருதே தம்பி, ஒத்தையா," என்றார் வருத்தமாக.

நூல் வாங்க மட்டும் அவர் வேலூர் லாங் பஜாருக்குப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். ஒரே நிறத்தில் இரண்டு நூல்கண்டு கேட்டார். கடைக்கார பாய் எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு அண்ணன் நேராகத் தெரு நடுவில் போய் நின்றார். கம்பெனியில் நிறத்தை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. அப்போது பிற்பகல், வெயில் கடைகளின் தகரக் கூரைகளைத் தாண்டித் தெரு நடுவில் ஒரு கோடாக மட்டும் விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் நின்று இரண்டு கண்டுகளையும் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். பின்னால் ஒரு வெங்காயக் கைவண்டி நின்றது. அதற்குப் பின்னால் ஸ்கூட்டர்கள் நின்றன. அதற்குப் பின்னால் நின்றவர்கள் சாமி ஊர்வலம் என்று நினைத்து ஓரம் கட்டினார்கள்.

கடையிலிருந்து பாய் கெஞ்சினார். "அண்ணே, ரெண்டும் ஒரே பெட்டியில வந்தது. ஏன் பேஜார் பண்றீங்க, உள்ள வாங்க."

"ஒண்ணு லேசா ஜாஸ்தி செவப்பா இருக்குது பாய்."

"எது?"

அண்ணன் இரண்டையும் மறுபடி பார்த்தார். "ரெண்டுமே," என்றார். வாங்கிக்கொண்டு வந்தோம்.

இவ்வளவும் முன்கதை. எங்கள் தெருவின் வரலாற்றில் இடம்பெற வேண்டியது ஒட்டுப் போர்வைகளின் கதைதான்.

அண்ணன் கம்பெனியை விட்டு வந்த அன்று, தையல் பிரிவில் வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பழைய புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டில் சும்மா இருக்க மாட்டார், எதையாவது தைக்கட்டும் என்று ஓர் அன்பு. பூப்போட்டது, கட்டம் போட்டது, கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு வந்து பசை பட்ட கறையோடு இருப்பது என்று ஒரு பெரிய மூட்டை. அண்ணன் அதைப் பல மாதம் தொடவில்லை. கை பழகட்டும் என்று காத்திருந்தார். மிதியடியும் உறையும் ஸ்வெட்டர் கையும் எல்லாம் அதற்கான ஒத்திகைதான் என்று பிறகு புரிந்தது.

ஒவ்வொரு புடவையிலும் நல்ல பாகமாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்தார். அந்தத் துண்டைச் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதி இடது போர்வைக்கு, மறு பாதி வலது போர்வைக்கு. ஒரே தோலில் வெட்டினால்தான் ஷூவில் இரண்டு காலும் ஒத்துப்போகும், அதே முறை. இப்படி இரண்டு போர்வை, ஒன்று மற்றதைக் கண்ணாடியில் பார்த்தது போல. நடுவில் மெல்லிய பஞ்சு, பின்பக்கம் குடியாத்தம் லுங்கித் துணி. ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த கோடை முடியும்வரை தைத்தார். மீதித் துணியைப் புதிய மிதியடிகளில் போட்டுவிட்டார். ஆகவே அந்தப் போர்வைகளைப் போல இன்னொன்று தைக்க முடியாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள்தான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் எங்கள் திருச்சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. நிலம் இருப்பவர்கள் விளைச்சலில் முதலாவதையும் சிறந்ததையும் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். மற்றவர்கள் தங்கள் கையால் செய்ததைப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். அண்ணனிடம் நிலம் இல்லை. முதலும் சிறந்ததும் என்றால் அவரிடம் இருந்தது ஒன்றுதான். இரண்டு போர்வைகளையும் மடித்து, ஒரு சிவப்பு நாடாவால் சேர்த்துக் கட்டி, பூசணிக்காய்க்கும் சேவல்களுக்கும் நடுவில் வைத்துவிட்டு வந்தார். வாங்குகிறவர் ஜோடியாக வாங்கிப் போவார், ஒரே கட்டிலில் இரண்டும் இருக்கும் என்பது அவர் கணக்கு.

ஏலம் விடுகிறவருக்கு வேறு கணக்கு. சேவல் ஜோடியாக வந்தால் பிரித்து விடுவது அவர் வழக்கம். சபைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதே வழக்கத்தில் நாடாவை அவிழ்த்தார். அண்ணன் அப்போது பின்பக்கம் பந்தியில், ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

இங்கே இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும். ஒருவர் கிரேஸ் டீச்சர். மற்றவர் எஸ்தர், கிரேஸ் டீச்சருடைய தம்பியின் மனைவி. இருவருக்கும் எங்கள் தெருவில் ஒட்டினாற்போல் வீடு, மாடியில் நடுவே ஒரே கைப்பிடிச் சுவர். தம்பியின் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு டீச்சர் கொடுத்த பிரியாணி அண்டா ஒடுக்கு விழுந்து திரும்பி வந்தது. போகும்போதே ஒடுக்கு இருந்தது என்பது எஸ்தரின் கட்சி. அன்றிலிருந்து பேச்சு இல்லை. தலையில் வைக்கும் துணிக்காக ஆயிரத்து எண்ணூற்று ஆறில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கலகமே செய்த பூமி இது. ஓர் அண்டாவுக்காக இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் போர்வையை எஸ்தர் எடுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் கிரேஸ் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது போர்வையை ஏலக்காரர் உயர்த்திப் பிடித்த நேரத்தில்தான் அண்ணன் கையில் கரண்டியோடு உள்ளே வந்தார். விஷயம் புரிந்ததும் கரண்டியை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார். கை தூக்கினால் கூடுதல் விலை என்பது ஏல வழக்கம். ஏலக்காரர் விலையை ஏற்றினார். டீச்சர் அதற்கு மேல் ஏற்றினார். அண்ணன் பதறி இன்னொரு கையையும் தூக்கினார். ஏலக்காரர் இன்னும் ஏற்றினார். தன்னுடைய போர்வையின் விலையைத் தானே ஏற்றிவிட்டு அண்ணன் தூக்கிய இரண்டு கையோடு நின்றபோது, அது கிரேஸ் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தது. கரண்டியிலிருந்த கத்தரிக்காய் மட்டும் ஏலக்காரர் சட்டையில் போய்ச் சேர்ந்தது.

இடது எஸ்தர் வீட்டில், வலது டீச்சர் வீட்டில். நடுவில் ஒரு சுவர்.

அண்ணனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எப்படியாவது ஜோடியைச் சேர்த்துவிட வேண்டும் என்பதே அவருக்கு ஒரே நினைப்பாகிவிட்டது. முதலில் டீச்சரிடம் போனார்.

"நான் குடுத்துட்டா அவகிட்ட ரெண்டாய்டும்," என்றார் டீச்சர். "அப்பறம் ஏலத்துல நான் தோத்தேன்னு ஆகாதா அண்ணா?"

எஸ்தரிடம் போனார். "அவங்க வந்து கேக்கட்டும், யோசிக்கறேன்," என்றார் எஸ்தர். அவர் வந்து கேட்க மாட்டார் என்ற உறுதி அந்தக் குரலில் இனித்தது.

ஆளுக்கொரு புது ஜோடி தைத்துத் தருகிறேன், பழையதைக் கொடுங்கள் என்றார் அண்ணன். இருவருக்கும் சம்மதம்தான், ஆனால் மற்றவர் முதலில் கொடுக்க வேண்டும். சரி, இரண்டு போர்வையும் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்றார். இரு தரப்பும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் யாருடைய ஆறு மாதத்தில் வரும் என்ற இடத்தில் முறிந்தது. நான் சரித்திரப் புத்தகங்களில் எத்தனையோ உடன்படிக்கைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். பெரிய ராஜ்யங்களின் பேச்சுவார்த்தையும் கிட்டத்தட்ட இப்படித்தான் முறிந்திருக்கிறது.

வேறு வழியில்லாமல் அண்ணன் போர்வைகளை நலம் விசாரிக்கப் போக ஆரம்பித்தார். டீச்சரின் கணவர் தோல் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். ஒரு மதியம் ஏதோ இழுபடுவது போலத் தோன்றி அவர் கண் விழித்தார். கால்மாட்டில் அண்ணன் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணா?"

"ஒண்ணுமில்ல, நீ தூங்கு. கோணலா போத்தி இருந்த."

அதன்பிறகு டீச்சர் வீட்டில் மதியம் தாழ்ப்பாள் போட்டார்கள். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லா வீட்டிலும் வெள்ளையடித்து, திரை, விரிப்பு எல்லாம் வெளுக்கப் போடுவது வழக்கம். இரண்டு வீட்டுப் போர்வைகளும் ஒரே சலவைக் கடைக்குப் போயின. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. மாற்றிக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டவர்களுக்கும் தெரியவில்லை. இருவரும் சந்தோஷமாக எடுத்துப் போய்க் கட்டிலில் விரித்தார்கள். அண்டா விவகாரத்துக்குப் பிறகு அந்த இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் நிம்மதி நிலவியது அப்போதுதான்.

அது செவ்வாய்க்கிழமை வரை நீடித்தது. செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் பால் வாங்கிக்கொண்டு வந்தவர், வழக்கம்போல டீச்சர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பால் பாக்கெட் கீழே விழுந்தது.

"டீச்சர், உங்க வூட்ல இருக்கறது லெஃப்ட்டு."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க மாறிப்போன ஷூவைக் கண்டால் குரல் கொடுத்தே பழகிய மனிதரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அடுத்த அரைமணி நேரத்தில் தெரு இரண்டாகிவிட்டது. தான் கூடுதல் விலை கொடுத்ததால் தன் போர்வைதான் உசத்தி, அதனால்தான் அவள் மாற்றிக்கொண்டாள் என்றார் டீச்சர், பொதுவாகத் தெருவைப் பார்த்து. முதலில் ஏலம் போனது தன்னுடையது, முதலாவதுதான் சிறந்தது என்று எஸ்தர் தன் வாசலிலிருந்து வானத்தைப் பார்த்துச் சொன்னார். அவரவர் போர்வை அவரவருக்கு உடனே வேண்டும். ஆனால் மற்றவர் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது.

டீச்சர் வீட்டுக்குள் போய் அங்கிருந்ததை எடுத்து வந்தார். எஸ்தர் தன்னிடம் இருந்ததை வாசல் கேட்டின் மேலே போட்டுவிட்டு நகர்ந்து நின்றார். அண்ணன் அதையும் எடுத்தார். ஏலத்துக்குப் பிறகு முதல்முறையாக இரண்டும் அவர் கையில். தெருவே மூச்சைப் பிடித்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற மனிதர், இரண்டு போர்வையோடு தன் வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தால் யார் துரத்துவது என்று ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் ஓடவில்லை. "தம்பி, இந்த மூலையப் பிடி," என்றார் என்னிடம். அங்கே தெருவோரம் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதில் இரண்டையும் அருகருகே விரித்தார்.

அப்போதுதான் அது என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது. தனியாகப் பார்த்தபோது போர்வையின் நடுவில் ஏதோ ஓர் உருவம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். டீச்சர் அதை மாங்காய் என்று நினைத்திருந்தார். எஸ்தர் கத்தரிக்காய் என்று நினைத்து, அது ஆம்பூருக்குப் பொருத்தம்தான் என்று விருந்தாளிகளிடம் விளக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். அருகருகே வைத்ததும் மாங்காயும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கட்டில் நிறைய ஒரு ஜோடி ஷூ. கம்பெனிப் பெண்களின் புடவைத் துண்டுகளால் ஆன, வானத்திலிருந்து யாரோ கழற்றி வைத்தது போன்ற மாபெரும் ஷூ ஜோடி. பூப்போட்ட புடவைக்குப் பூப்போட்ட புடவை, கட்டத்துக்குக் கட்டம், பசைக்கறைக்குப் பசைக்கறை.

"ஐயோ, செருப்புக்கு அடியிலயா இத்தன நாளு படுத்திருந்தேன்," என்றார் டீச்சரின் கணவர்.

டீச்சர் சிரித்துவிட்டார். அதே நேரத்தில் அடுத்த வாசலில் எஸ்தரும் சிரித்துவிட்டார். மற்றவர் சிரிப்பது காதில் விழுந்ததும் இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அண்ணன் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. இரண்டு போர்வைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கையால் தடவித் தடவிச் சரி செய்துகொண்டிருந்தார். பெல்ட் ஓரத்தில் நின்று அவர் அப்படித்தான் இத்தனை வருடம் தடவியிருப்பார்.

அன்று விடுமுறையில் வீட்டில் இருந்த அண்ணி வந்து பக்கத்தில் நின்றார்.

"குடுத்துடுங்க."

"ஒரு நிமிஷம் இரு."

"சாமிக்குன்னு வெச்சது. நீங்களே போய் வெச்சீங்க. திரும்பி எடுக்கலாமா?"

அண்ணன் இடைவெளியை இன்னும் ஒருமுறை தடவினார். பிறகு இரண்டையும் தனித்தனியாக மடித்தார். வலதை டீச்சரிடம் கொடுத்தார். இடதை எஸ்தரிடம் கொடுத்தார். பால் பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதோடு அவர் வீட்டில் தையல் மெஷின் நின்றுபோயிற்று. காலையிலிருந்து இரவுச் சாப்பாடு வரை கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் அது. நின்ற பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. யாரோ கிழிந்த பையை எடுத்துக்கொண்டு போய், இதற்கு இன்னொரு பையும் சேர்த்துத் தைத்துக் கொடுங்கள் என்று ஆசை காட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அண்ணி எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"மெஷினுக்கு ரெண்டு உறை தெச்சி வெச்சிருந்தாரு. இப்ப ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு மூடிட்டாரு. நான் இன்னா பண்றது சொல்லுங்க."

அந்த வட்டத்தில் கிரேஸ் டீச்சரும் இருந்தார், எஸ்தரும் இருந்தார். இருவரும் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் போய், புத்தாண்டு ஆராதனையும் முடிந்த அடுத்த சனிக்கிழமை. சனிக்கிழமைதான், டீச்சருக்குப் பள்ளி விடுமுறை. காலையில் டீச்சர் மாடிக்குப் போய், தெருவைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் தன் போர்வையைத் தொங்கவிட்டார். வெயிலில் காயப்போடுகிறவர் போன்ற முகம். போர்வை ஈரமாக இல்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து மாடியில் எஸ்தர் தன்னுடையதைத் தொங்கவிட்டார். அதுவும் ஈரமாக இல்லை. டீச்சரின் கணவர் போய் அண்ணனை ஏதோ காரணம் சொல்லி வெளியே அழைத்து வந்தார்.

அண்ணன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கால்களைக் குனிந்து பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. தெருவிலிருந்து பார்த்தால் டீச்சர் வீடு இடப்பக்கம், எஸ்தர் வீடு வலப்பக்கம். டீச்சரிடம் இருப்பது வலது. எஸ்தரிடம் இருப்பது இடது. கால் மாற்றிப் போட்ட ஷூ போல இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு தொங்கின.

மேலேயிருந்து டீச்சர் கேட்டார். "இன்னா அண்ணா, சரியில்லயா?"

தலையணையானாலும் மிதியடியானாலும் உள்ளதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிற மனிதர் அவர். நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம்.

"சரியாத்தான் இருக்குது டீச்சர்," என்றார். "ரொம்ப நல்லா இருக்குது."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பினார்.

டீச்சர் ஒரு நிமிடம் போர்வையைப் பார்த்தார். கீழே போகிற முதுகைப் பார்த்தார். பிறகு போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இரண்டு மாடிக்கும் நடுவில் இருந்த சுவருக்குப் போனார். அதன்மேல் கையை நீட்டினார். எஸ்தர் அசையாமல் நின்றார். டீச்சரின் கை நீட்டியபடியே இருந்தது. கீழே ஒரு ஆட்டோக்காரர் ஆர்வத்தில் வண்டியின் இன்ஜினையே அணைத்துவிட்டார். எஸ்தர் மெதுவாகத் தன்னுடையதை உருவி எடுத்துக்கொண்டு வந்து, டீச்சர் நீட்டியதை வாங்கிக்கொண்டு, தன்னுடையதைக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சனிக்கிழமை தவறாமல் இந்தக் கைமாற்றல் நடக்கிறது; சாயங்காலம் அதே சுவரில் அவரவருடையது அவரவரிடம் திரும்பிவிடும். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் சுவரோரம் நின்று பலமாக இருமுவார்.

இப்போது இடது இடப்பக்கம், வலது வலப்பக்கம். இரண்டு மாடியையும் சேர்த்து ஒரு ஜோடி ஷூ, தெருவைப் பார்த்து நேராக. தெருமுனை வரை போயிருந்த அண்ணனை யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றார். இரண்டு கையையும் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு பார்த்தார். வெயிலுக்கு ஒரு கை போதும். பிறகு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அவர் வீட்டில் தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தெருவில் எல்லா வீட்டிலும் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தோம்.